கருப்பசாமிக்குக் கொண்டுபோன கருக்கருவாள்

மாசி மாதம் முதல் செவ்வாய்க்கிழமை, விடியக்காலை நாலரை மணிக்குக் கோபியில் பஸ் ஏறினேன். மஞ்சப்பையில் மாற்று வேட்டி, திருநீற்றுப் பொட்டலம், பேத்திக்கு இரண்டு கவுன். அவற்றுக்கு நடுவில் துண்டில் சுற்றி, நெல்லு அறுக்கிற ஒரு கருக்கருவாள். எங்கள் ஊர் ஆசாரியிடம் சொல்லிப் புதிதாக அடித்து வாங்கியது. பூஜை அறையில் ஒரு வாரம் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் எடுத்து வந்தேன்.

இது நேர்த்திக்கடன். என் மகள் ஜோதிமணி திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்தபோது, கூட வேலை செய்த பையனை விரும்பிக் கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை முத்துராஜுக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிக்கு மேற்கே, கழுகுமலைப் பக்கம். குழந்தை பிறந்ததும் அங்கேயே போய்விட்டார்கள். சீமைக்கருவேல மரத்தை வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்கி விற்பதுதான் அவருக்குத் தொழில். போன ஆவணியில் உள்ளங்கையில் முள் ஏறிச் சீழ் வைத்து, கையையே எடுக்க வேண்டி வரும் என்கிற அளவுக்குப் போய்விட்டது. சேதி வந்த அன்று எங்கள் வீட்டு வாசலில் தெற்கே பார்த்து நின்று அவர்கள் குலசாமி கருப்பசாமியை வேண்டிக்கொண்டேன். "சாமி, எம் மாப்பிள்ளை கையைக் காப்பாத்திக் கொடு. அவரு கையில புடிக்கிற ஆயுதத்தை உன் சந்நிதியில கொண்டாந்து வெக்கிறேன்." கை தப்பியது.

நான் எட்டாவது வரை படித்தவன். நெல்லு வயலில் வளர்ந்தவன். ஓர் ஆம்பளை கையில் பிடிக்கிற ஆயுதம் என்றதும் எனக்குக் கருக்கருவாள்தான் கண்ணில் நின்றது. மாப்பிள்ளை வெட்டுவது மரம் என்பது அப்போது புத்தியில் ஏறவில்லை.

ஈரோட்டில் மாறி, பகல் பதினொன்றுக்கு மதுரை. அங்கிருந்து கோவில்பட்டி நூறு கிலோமீட்டர். சாத்தூர் தாண்டியதும் மண் கறுப்பாகிவிட்டது. எங்கள் பக்கம் வாய்க்கால் கரையில் தென்னை நிற்கும். இங்கே கண்ணுக்கு எட்டிய மட்டும் மேடு பள்ளமில்லாத கறுப்பு நிலம், வெடிப்பு விடத் தொடங்கியிருந்தது. ஒரு வாய்க்காலைக்கூட நான் பார்க்கவில்லை. அந்த மண்ணில் கம்பு கதிர் முற்றி நின்றது. மழையை மட்டும் நம்பி விதை போடுகிற ஜனங்களுக்கு எவ்வளவு பக்தி இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றரை மணிக்குக் கோவில்பட்டி. பேத்திக்குக் கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு கழுகுமலை பஸ்ஸில் உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டில் தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து திரும்பும் ஓர் அம்மா. என் பையையே பார்த்துக்கொண்டு வந்தவர், கேட்டேவிட்டார்.

"வெளியூரா அண்ணாச்சி? துண்டுக்குள்ள வளைஞ்சு தெரியுதே, என்னது?"

"கருக்கருவாளுங்க."

அவருக்குப் புரியவில்லை. துண்டை ஒரு ஓரம் விலக்கிக் காட்டினேன்.

"அட, பன்னருவால்லா இது! இதுக்கா அந்தப் பேரு?"

வாய் நெடுகக் கருக்கு வெட்டியிருப்பதால் எங்களுக்கு அது கருக்கருவாள். அதே கருக்கைப் பல் என்று பார்ப்பதால் இவர்களுக்குப் பன்னருவாள். இது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். அந்த அம்மா மோவாயில் கை வைத்துவிட்டார்.

"கருப்பசாமிக்குப் பன்னருவாளா? அவியளுக்கு வெட்டருவால்லா சாத்துவாவ!" முழங்கையிலிருந்து கையை நீட்டி, மணிக்கட்டை மட்டும் மடக்கிக் காட்டினார். "இப்படி இருக்கும். மரம் வெட்டுதது."

"ஓ, கொடுவாளுங்களா?"

பின் சீட்டிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். "கொடுவாவா? அது தூத்துக்குடியில மீனுல்லா! அண்ணாச்சி கருப்பசாமிக்கு மீன்குழம்பு வைக்கப் போறாவ போல!"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். முத்துராஜ் மரம் வெட்டுகிறவர், அவர் பிடிக்கிற ஆயுதம் இதுவல்ல என்பது அப்போதுதான் உறைத்தது. இருநூறு மைலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தப்பான காணிக்கையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

கழுகுமலையில் இறங்கி, மலையைப் பார்த்து முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இரும்புக் கடையைத் தேடிப் போனேன். கடைக்கார பாய் பொறுமையானவர். பனையேறுகிறவர்களுக்கான பாளையருவாள், பன்னருவாள், வெட்டருவாள் என்று தனித்தனியாக எடுத்துக் காட்டினார்.

"யாரு பிடிக்கப் போறா? கைக்குத் தக்கன பிடி பார்த்து எடுங்க."

"சாமிக்குங்க பாய்."

"சாமிக்குன்னாலும் ஊன்றுதது ஆளுல்லா? எந்த ஆளுக்காக நேந்தீயளோ அந்த ஆளுதான் வலது கையால தூக்கி ஊன்றணும். இங்கன வழக்கம் அது. கை தவறிக் கீழ விழுந்துச்சுன்னா, சாமி வேண்டாம்னுட்டாருன்னு ஊரே பேசும்."

வெட்டருவாள் ஒன்றை வாங்கிக்கொண்டேன். நல்ல கனம்.

நாலு மணிக்கு மினி பஸ் ஊரில் விட்டது. சம்மந்தியம்மா சீனியம்மாள் வாசலுக்கே வந்து, "வாங்க சம்மந்தி, வெயில்ல வாரீயளே" என்று சொம்பில் தண்ணீர் கொடுத்தார். மாப்பிள்ளை வலது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டே, "வாங்க மாமா" என்றார். கும்பிடுவதற்குக்கூட அந்தக் கையை வெளியே எடுக்கவில்லை.

அடுப்படியில் மகள் மெதுவாகச் சொன்னாள். "கடைசி ரெண்டு விரலும் மடங்கறதில்லீங்கப்பா. மூட்டத்துப் பக்கமே போறதில்ல. உங்க வேண்டுதலைத் தீர்க்கலாம்னு நான் சொல்றப்பெல்லாம் தள்ளிப் போட்டுட்டே வந்தாரு. விழுந்துருமோன்னு பயமுங்கப்பா."

கை தப்பியது என்று நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன். கைக்கு உயிர் இருந்தும் பிடி இல்லை. பொழுது சாய்கையில் மாப்பிள்ளை, "மாமா, நீங்களே சாத்திருங்க" என்றார். "சாமி உங்களைத்தான் கூப்பிடறாருங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குக் கோயில். கோயில் என்றால் ஒரு வேப்பமரம், சுண்ணாம்பு அடித்த பீடம், அதைச் சுற்றி வானம் பார்த்து ஊன்றிய வெட்டருவாள்கள். பூசாரி எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டு, "ஏலே முத்துராசு, எடுலே" என்றார். அக்கம்பக்கத்துச் சனம் பத்துப் பேர் நின்றார்கள்.

மாப்பிள்ளை துண்டை எடுத்தார். பிடியைப் பற்றித் தூக்கினார். இடுப்பு உயரம் வரைக்கும் வந்தது. அதற்குமேல் தலைப்பாரம் தாங்காமல் அருவாள் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது. அடிப்பிடியை இறுக்க வேண்டிய அந்த இரண்டு விரலும் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன. விழுவதற்குள் இடது கையால் தாங்கி, கீழே வைத்துவிட்டார். மகள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

நான் யோசித்துச் செய்யவில்லை. பையிலிருந்து துண்டைப் பிரித்து, கருக்கருவாளை அவர் முன்னால் நீட்டினேன். "சாமிக்குன்னு நான் வீட்ல வெச்சுக் கும்பிட்டது இதுதானுங்க."

பூசாரி கையை மறித்தார். "என்ன அண்ணாச்சி, இது பன்னருவால்லா? பொம்பளையாளுவ பிடிக்கது. கருப்பனுக்கு எப்படிச் சாத்த?"

"எங்க ஊர்ல ஆம்பளைங்களும் இதுலதானுங்க அறுப்போம். நான் இதைப் புடிச்சுத்தான் மூணு பிள்ளைகளை வளர்த்தேன்."

"அது உங்க ஊரு."

அதுவரை பேசாமல் நின்ற சீனியம்மாள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். "ஏன்வே பூசாரி, வருசா வருசம் கருப்பனுக்குக் கம்மங்கூழு ஊத்துதோமே, அந்தக் கம்பை எதை வச்சு அறுத்தோம்? உம்ம பல்லை வச்சா? கூழைக் குடிச்ச சாமி பன்னருவாளை வேண்டாம்னா சொல்லும்?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பூசாரி வேப்பமரத்தைப் பார்த்தார், பீடத்தைப் பார்த்தார். "சரி, அவரே பார்த்துக்கிடட்டும்" என்று ஒதுங்கிக்கொண்டார்.

மாப்பிள்ளை கருக்கருவாளை வாங்கினார். பிடி சிறிது, எடையும் இல்லை. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் அதைச் சுற்றி மடங்கின. நெஞ்சுக்கு உயர்ந்தது, தலைக்கு மேலே உயர்ந்தது. ஆடவில்லை. இதை மண்ணில் ஊன்ற முடியாதே என்று நான் நினைப்பதற்குள், இருப்பதில் உயரமான வெட்டருவாளின் வளைவில் அதைக் கொண்டுபோய் மாட்டினார். பூசாரி மணியை அடித்தார். எனக்குக் கண் மறைத்தது.

வியாழக்கிழமை காலை கிளம்பினேன். பாக்கியாகிப் போன வெட்டருவாளை நானே எடுத்துக்கொண்டேன். மினி பஸ் வரை வந்த மாப்பிள்ளை, படியில் கால் வைத்த என்னை நிறுத்தினார்.

"மாமா, சாமிக்குக் கொடுத்தீயள்ல, அது கணக்கா இன்னொண்ணு கிடைக்குமா? எங்க கம்பு அறுப்புக்கு நிக்குது. இங்கன உள்ளதுல பிடி பெருசு."

"பொம்பளைங்க கேலி பேசுவாங்களே மாப்பிள்ளை?"

"பேசட்டும். எங்கம்மா இருக்காவல்ல."

வீட்டுக்கு வரும்போது இருட்டிவிட்டது. எங்கள் ஊரில் வாய்க்கால் சத்தம் கேட்டது. இத்தனை தண்ணீரைக் கொடுத்த சாமிக்கு நான் இதுவரை என்ன கொடுத்திருக்கிறேன் என்று இருந்தது. மறுநாள் காலை முதல் வேலையாக ஆசாரி பட்டறைக்குப் போனேன்.

"ஒரு பன்னருவாள் வேணுமுங்க."

"அதென்னங்க அது?"

"கருக்கருவாள்தானுங்க. ஆனா கரிசக்காட்டுக்குப் போறது. அங்கத்தப் பேரோடயே போகட்டும். பிடி மட்டும் சின்னதா, மூணு விரலுக்குப் போடுங்க."