கடைசிச் சுற்று

சுண்ணாம்புக்கல் குவாரி ஜீப்பு மழைக்காலத்தில் குழிக்குள் இறங்கினால் தானாக ஏறாது. பின்னாலிருந்து சங்கிலி போட்டு இழுக்க வேண்டும். சங்கிலியை எதில் மாட்டுவது? பம்பரில் மாட்டினால் பம்பர் கையோடு வந்துவிடும். அதற்குத்தான் வண்டியின் அடிச்சட்டமான சேஸின் வால் பக்கம் ஒரு கொக்கி. அந்தக் கொக்கி போட அரியலூர் வட்டாரத்தில் ஜெயங்கொண்டம் ரோட்டுப் பட்டறை சாமிக்கண்ணுவை விட்டால் ஆள் கிடையாது என்று பேர்.

சும்மா வந்த பேரா அது? சேஸில் வெல்டிங் வைக்கவே மாட்டான். "சூடு பட்ட எடத்துல இரும்பு செத்துரும்யா. ஒரு நாளு பட்டுனு விட்டுரும்" என்பான். துளை போட்டு, உள்பக்கம் கனத்த தகடு கொடுத்து, உறுதிக்கு அடையாளமாகத் தலையில் 8.8 என்று பொறித்த நாலு போல்ட்டுப் போட்டு முடுக்குவான். எந்தக் கொம்பன் அவசரம் என்று வந்து நின்றாலும் வண்டி ஒரு நாள் பட்டறையில் கிடந்தே ஆக வேண்டும்.

இது போதாதென்று ஒரு கிறுக்கு வழக்கம் வேறு. நாலாவது போல்ட்டின் கடைசிச் சுற்றை அவன் முடுக்க மாட்டான். டிரைவர் கையில் ஸ்பேனரைக் கொடுத்து வண்டிக்கு அடியில் படுக்கச் சொல்லுவான். "நாளைக்குக் குழிக்குள்ள உக்காந்திருக்கப் போறது நீ. உன் கையால முடுக்கு." சலவைச் சட்டைக்காரர்கள் முனகிக்கொண்டே படுப்பார்கள்.

முனகாத ஒரே டிரைவர் ராசாங்கம். இருவருக்கும் பூலாம்பாடிதான் சொந்த ஊர். தொண்ணூற்றைந்தில் ஒரே பஸ்ஸில் ஏறி, இரண்டு பேருக்கும் ஒரே டிரங்குப் பெட்டியோடு அரியலூரில் வந்து இறங்கியவர்கள். ராசாங்கம் குவாரியில் டிரைவர் ஆனான். குவாரி வண்டிகளை எல்லாம் சாமிக்கண்ணுவின் பட்டறைக்குக் கொண்டுவந்து சேர்த்தவன் அவன்தான். அவன் மகளுக்குக் காது குத்தியபோது பிள்ளையை மடியில் வைத்திருந்தது சாமிக்கண்ணு. கூடப் பிறந்தவன்கூட அவ்வளவு ஒட்டுதலாக இருக்க மாட்டான்.

2001இல் ராசாங்கத்தின் ஜீப்புக்குக் கொக்கி போட்டபோது டிரில் வழுக்கி, தகட்டின் மூலையில் அரைத்துளை விழுந்துவிட்டது. ராசாங்கம் விழுந்து விழுந்து சிரித்தான். "என்னடா சாமி, தகட்டுக்கும் காது குத்திட்டியா? தோடு எப்ப போடப் போற?" சிரித்துக்கொண்டே அடியில் படுத்துக் கடைசிச் சுற்றை முடுக்கினான்.

இரண்டு வருஷம் கழித்து, ஐப்பசி மழையில் அந்த ஜீப்பு குழிக்குள் மாட்டிக்கொண்டது. லாரியில் சங்கிலி கட்டி இழுத்தார்கள். கொக்கி பிய்த்துக்கொண்டு பறந்து, ஓரமாக நின்ற கூலியாள் நடராசனின் காலில் அடித்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இருபத்தாறு வயசு.

சேதி கேட்டதும் சாமிக்கண்ணுவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினான். நடராசனின் அம்மா கலியம்மாள் வார்டு வாசலிலேயே மறித்தாள். "என் புள்ள கால வாங்கிட்டு இப்ப மூஞ்சியப் பாக்க வந்தியா? போயிரு!" அவன் வாசலோடு திரும்பி நடந்தான்.

எங்கே தப்பு விட்டோம்? தகட்டிலா, துளையிலா? அந்தக் கேள்வி அவனை அரித்தது. கொக்கியை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ராசாங்கத்திடம் கெஞ்சினான்.

"வெளியாள உள்ளயே விட மாட்டேங்கிறாங்கடா" என்றான் ராசாங்கம். கையில் ஒரு காகிதம். "நான் ஆபீஸ்ல பேசிட்டேன். கவனக்குறைவா மாட்டிட்டேன்னு நீ ஒரு கையெழுத்துப் போட்டுட்டா கேசு கீசு இல்லாம முடிச்சுருவாங்க. இல்லாட்டி என் வேலைக்கும் ஆபத்து. எனக்காகப் போடுடா." பேனா மூடியையும் அவனே கழற்றி நீட்டினான்.

பாவி மனுஷன், படித்துக்கூடப் பார்க்காமல் போட்டான். குவாரி வண்டி அதன் பிறகு ஒன்றுகூடப் பட்டறைப் பக்கம் வரவில்லை. அவனும் கொக்கி வேலையை அதோடு விட்டான்.

தை பிறந்து, எறையூர் ஆலைக்குக் கரும்பு போய்க்கொண்டிருந்த சமயம். ராசாங்கத்தின் மச்சினன் மணிமாறன் பழைய ஜீப்பு ஒன்றைக் கிளட்ச் பார்க்கக் கொண்டுவந்து நிறுத்தினான். சாமிக்கண்ணு அடியில் படுத்தான். வால் பக்கம் ஒரு கொக்கி. 8.8 போல்ட்டு நாலு. தகட்டின் மூலையில் அரைத்துளை.

அப்படியே கிடந்தான். தூசி கண்ணில் விழுந்தும் துடைக்கத் தோன்றவில்லை.

"இத யாருப்பா போட்டது?"

"மச்சான்தாங்க. கரும்புக் காட்டுல வண்டி மாட்டிக்குதுன்னு சொன்னேன். போன ஆடியிலயே அவரு ஓட்டுற குவாரி ஜீப்புல இருந்து கழட்டிப் போட்டுக் குடுத்துட்டாரு. அந்த ஜீப்புக்கு வேற ஒண்ண வெல்டு வச்சுக்கிட்டாரு."

கலகலவென்று சொன்னான் பையன். அவனுக்கு ஒன்றும் தெரியாது. வண்டியை எடுக்கச் சாயங்காலம் ராசாங்கம்தான் வந்தான். சாமிக்கண்ணு தகட்டைக் கையால் காட்டினான்.

"தோடு போடலியாடா இன்னும்?"

ராசாங்கத்தின் முகம் வெளுத்துவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "குவாரி வண்டி சாமானக் கழட்டுனேன்னு தெரிஞ்சா என்னைய உள்ள தள்ளிருவாங்கடா. பொண்ணு இருக்கு. நீ தாங்குவேன்னு தெரியும். அதான் உன் பேரச் சொன்னேன்."

சாமிக்கண்ணு ஸ்பேனரைத் தரையில் வீசினான். "நான் தாங்குவேன். அந்தப் பய காலு தாங்கலியேடா! மூணு மாசமா ஒரு கொலகாரன் மாதிரி முழிச்சுக்கிட்டுத் திரியிறேன். பாத்துக்கிட்டுத்தானடா இருந்த? என் வூட்டுல உக்காந்து கறிக்கொழம்பு தின்னுக்கிட்டே பாத்த!"

சாமிக்கண்ணு மணிமாறன் ஜீப்பின் சாவியை எடுத்தான்.

"வண்டியில ஏறு. அந்த அம்மாகிட்ட நீயே சொல்லு. ஆபீஸுல சொல்ல வேணாம். அந்த அம்மாகிட்ட மட்டும் சொல்லு, போதும்."

ராசாங்கம் ஏறத்தான் செய்தான். ரயில்வே கேட் மூடியிருந்தது. சாமிக்கண்ணு கூட்ஸ் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். அது கடந்து முடிந்து கேட் திறந்தபோது பக்கத்து சீட்டில் ராசாங்கம் இல்லை. கடைவீதிக் கூட்டத்துக்குள் வேகமாக நடந்துபோகிற முதுகு மட்டும் தெரிந்தது.

சாமிக்கண்ணு நடராசன் வீட்டுக்குத் தனியாகப் போனான். கலியம்மாள் முறத்தோடு வெளியே வந்தாள். அவன் ஒன்று விடாமல் சொன்னான். போல்ட்டு, தகடு, வெல்டிங், மணிமாறன் ஜீப்பு எல்லாம் சொன்னான். வேண்டுமானால் வண்டிக்கு அடியில் காட்டுகிறேன் என்றான். அவள் முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முழுவதையும் கேட்டாள்.

"அப்ப அந்தக் காயிதத்துல கையெழுத்துப் போட்டது யாரு? ராசாங்கமா?"

"நான்தாம்மா. அவன் போடச் சொன்னான்."

"செய்யாத தப்புக்கு எவனாச்சும் கையெழுத்துப் போடுவானா? பழிய இப்ப அவன் தலையில கட்ட வந்தியாக்கும்?" அவள் முறத்தைக் கீழே போட்டாள். "ராசாங்கம் வாரா வாரம் பழம் வாங்கியாந்து என் புள்ள பக்கத்துல உக்காந்துட்டுப் போவுது. நேத்துகூட வந்துச்சு. உன் பேச்சு வந்தா, 'விடுங்கம்மா, தெரியாம பண்ணிட்டான், அவன மன்னிச்சுருங்க'ன்னு உனக்காகத்தான் கெஞ்சும்."

உள்ளே கட்டிலில் நடராசன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். கட்டிலுக்கு அடியில் சாத்துக்குடிப் பை இருந்தது. சாமிக்கண்ணு அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.