சுவரில் வளர்ந்த யானை

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். பத்தாவதோடு நின்ற படிப்பு; நாலு பேர் நடுவில் பேசவே கூச்சப்படுவேன். ஆனாலும் போன வாரம் என் மகள், வீட்டுச் சுவரை ஒட்டிப் பூச்செடிக்குப் பாத்தி கட்டலாம் என்றபோது, "செவுத்துல மண்ணு படக்கூடாது" என்று என்னையறியாமல் கத்திவிட்டேன். ஏன் கத்தினேன் என்று அவளுக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. அதனால்தான் இந்தத் துணிச்சல். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராயப்பேட்டையில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குப் பக்கவாட்டில் ஒரு சந்து. சந்தின் மறுபக்கச் சுவர் அடுத்த வீட்டுடையது. அங்கே புத்தகம் பைண்டிங் செய்யும் பாய் குடும்பத்தோடு இருந்தார். அந்தச் சுவருக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது என்பது எங்களுக்குத் தோன்றியதே இல்லை. எங்களுக்கு அது வெறும் சுவர்.

அம்மாவுக்குக் குண்டுமல்லி வைக்க ஆசை. மழை பெய்தால் சந்தில் தண்ணீர் நிற்கும் என்பதால், இடுப்புயரத்துக்குச் செங்கல் பாத்தி கட்ட மாமா வந்தார். அம்மாவின் தம்பி, கொத்தனார் வேலை தெரிந்தவர்.

"நாலு பக்கமும் கல்லு வெச்சிக் கட்டணும்க்கா. செவுத்துல மண்ணு ஒட்டுனா ஓதம் ஏறும், செவுரு ஊறிப்பூடும். ஒரு சாண் தள்ளிக் கட்டறேன்."

"ஒரு சாண் தள்ளினா இவ அப்பா சைக்கிள எங்க வெக்கறது, என் தலை மேலயா? அதான் செவுரு கீதே. அதுக்கு முன்னாடி இன்னொரு செவுரு இன்னாத்துக்கு?"

மாமா அக்காவை எதிர்த்துப் பேசுகிறவர் அல்ல. மூன்று பக்கம் செங்கல் வைத்தார். நாலாவது பக்கத்துக்குப் பாயின் சுவரே போதும் என்றாயிற்று.

தண்ணீர் ஊற்றும் வேலை எனக்கு. காலையில் ஒரு குடம் என்றார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், துணி அலசிய தண்ணீரில் இன்னும் இரண்டு குடம் யாருக்கும் சொல்லாமல் ஊற்றுவேன். ஊற்றும்போது பாடுவேன். வகுப்பில் வாயே திறக்காத எனக்கு அந்தச் சந்தில் மட்டும் நல்ல குரல். மல்லி அள்ளிக் கொடுத்தது. பாய் வீட்டம்மாவுக்கும் தினம் ஒரு முழம் போகும். அவர்கள் வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள்.

ஒரு சனிக்கிழமை, கிழிந்த கணக்குப் புத்தகத்தைப் பைண்டு செய்ய எடுத்துக்கொண்டு முதல்முறையாக உள்ளே போனேன். காகிதக் கட்டுகளெல்லாம் அறை நடுவில் கட்டில் மேல் அடுக்கியிருந்தன. கட்டில் முழுக்கக் காகிதம் என்றால் இவர்கள் எங்கே படுப்பார்கள் என்று யோசிக்கவில்லை. என் கண்ணெல்லாம் சுவரில் இருந்தது. என் உயரத்துக்குக் கறுப்பாய் ஒரு கறை. காரை உப்பி, தும்பிக்கையைத் தூக்கிய மாதிரி.

"இன்னா பாய், செவுத்துல யானை கீது?"

பாய் பசை தடவிக்கொண்டே சிரித்தார். "நீ அந்தாண்ட மல்லி வளக்கற. நாங்க இந்தாண்ட யானை வளக்கறோம்மா. தும்பிக்கை போன மாசந்தான் வந்துச்சி."

ஓடிவந்து இந்த அதிசயத்தை அம்மாவிடம் சொன்னேன். பூக் கட்டிக்கொண்டிருந்தவள் நாரை அப்படியே போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தாள். கடப்பாரையால் செங்கல்லைப் பெயர்த்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுவரை ஒட்டியிருந்த மண்ணை இரண்டு கையாலும் வாரிச் சந்தில் போட்டாள். செடிகளை வேர்மண்ணோடு வாளியில் வைத்தாள். நான் அழுதேன். பாய்தான் போட்டுக்கொடுத்துவிட்டார் என்று எனக்கு ஆத்திரம். போய்ச் சொன்னது நான்தான் என்பது அந்த வயதில் எட்டவில்லை.

எனக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத்தான் அம்மா மீதியைச் சொன்னாள். இத்தனை மாசம் ஏன் வாயே திறக்கவில்லை என்று அன்றைக்குப் பாயிடம் கேட்டிருக்கிறாள்.

"புள்ள தெனம் பாடிக்கினே தண்ணி ஊத்துதும்மா. இங்க நல்லா கேக்குது. அத்த நிறுத்துன்னு எப்டி சொல்றது?" என்றாராம்.

நான் யானையைப் பார்த்ததற்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாமா வந்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, நாலு பக்கமும் செங்கல் வைத்துப் பாத்தி கட்டினார். அப்பாவின் சைக்கிள் வாசலுக்குப் போயிற்று. ஆத்திரம் ஆறாமல் நான் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன், பாடாமல்.