பதினெட்டு அங்குலம் பன்னிரண்டு ஆனது

இன்று காலை கோயம்புத்தூரிலிருந்து டெலஸ்கோப் செய்பவர் போன் செய்தார். பதினெட்டு அங்குலக் கண்ணாடி வைத்த டாப்சோனியன் வகை டெலஸ்கோப் ஒன்று ஆர்டர் கொடுத்திருந்தேன். திருச்சுழி பக்கம் எங்கள் மானாவாரிக் காட்டில் வைத்து வானம் பார்ப்பதாகத் திட்டம்.

"பலகை அறுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணுங்க. கண்ணு வெச்சுப் பாக்கற எடம் குழாயோட மேல் நுனியில வருது, உச்சி வானத்தப் பாக்கணும்னா ஏணி வேணும். வீட்டுல எல்லாரும் ஏறுவாங்கல்ல?"

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பக்கத்தில் என் மனைவி செல்வி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சிறு வயதில் போலியோ வந்தவள், காலில் இரும்புக் காலிபர் போட்டுத்தான் நடப்பாள். இரண்டு வருடமாக இந்த டெலஸ்கோப்பைப் பற்றி அவளிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். அவளால் ஏணி ஏற முடியாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

கத்தியை வைத்துவிட்டு அவளே போனை வாங்கினாள்.

"அண்ணே, சேர்ல உக்காந்தே பாக்குற மாதிரின்னா எம்புட்டுப் பெருசு செய்யலாம்?"

"பன்னெண்டு அங்குலம் வரைக்கும் பண்ணலாங்க."

"அப்பப் பன்னெண்டே செய்யுங்க" என்றேன் நான்.

போனை வைத்த பிறகு கேட்டேன். "ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஏணி மேல நின்னு ஒருத்தர் பாக்குற படத்தக் காட்டுனீகள்ல, அன்னைக்கே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"அம்புட்டு ஆசையாப் பேசிக்கிட்டு இருந்தீக."

அதன் பிறகு கொஞ்ச நேரம் நானும் வெண்டைக்காய் நறுக்கினேன்.

இந்தக் குழுவில் பன்னிரண்டு அங்குலம் வைத்திருப்பவர்கள் என்னவெல்லாம் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். பதினெட்டு வைத்திருப்பவர்கள் கொஞ்ச நாளைக்கு என்னிடம் பேச வேண்டாம்.