இத்தா வீட்டில் போட்ட இங்கிலீஷ் பாட்டு

இது நடந்தது தொண்ணூறுகளின் நடுவில், ராமநாதபுரத்துக்குத் தெற்கே எங்கள் கடற்கரை ஊரில். என் உயிர் நண்பன் துபாயில் மவுத்தாகி ஒரு மாதம் ஆகியிருக்கும். கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்துவிட்டான். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். ஊருக்கு வந்து சேர்ந்தது அவனுடைய பெட்டி மட்டும்தான்.

எங்கள் ஊர் வழக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே கல்யாணமானால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். விழுந்து விழுந்து கவனிப்பார்கள். ஆனால் எத்தனை வருடமானாலும் அவனுக்கு அது மாமியார் வீடுதான். அங்கே சத்தமாகத் தும்முவதற்குக்கூட யோசிப்பான்.

நாங்கள் இருவரும் பத்தாவது படித்தபோது அவன் மாமா துபாயிலிருந்து வந்தார். அவர் பெட்டியில் தைலத்துக்கும் சோப்புக்கும் நடுவே ஒரு ராக் ஆல்பம் கேசட் கிடந்தது. யாரோ அவர் தலையில் கட்டியிருக்க வேண்டும். முதல் தடவை கேட்டபோது மாடிப்படியில் அண்டாவை உருட்டிவிட்டது போலத்தான் இருந்தது. ஒரே வாரத்தில் இருவருக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. இங்கிலீஷ் பாதி புரியாது. ஆனால் அந்தப் பாடகன் தொண்டை கிழியக் கத்தும் இடம் வந்தால், நாங்களே கத்தித் தீர்த்த மாதிரி நெஞ்சு லேசாகிவிடும். என் வீட்டு மொட்டை மாடியில் அவன் எண்ணெய் டின்னைத் தட்ட, நான் இல்லாத கிதாரை வாசிப்பேன். கீழேயிருந்து என் வாப்பா, "சைத்தான் சத்தத்த நிறுத்துங்கடா" என்பார். நிறுத்த மாட்டோம்.

கல்யாணமாகிப் பெண் வீட்டுக்குப் போகும்போது கேசட்டை என்னிடமே விட்டுவிட்டான்.

"அங்கன இதப் போட்டா மாப்பிளைக்குக் கிறுக்குன்னு சொல்லுவாகடா. ஒன்ட்டயே இருக்கட்டும்."

பிறகு அவனும் துபாய்க்குப் போனான். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை லீவு கிடைக்கும். லீவில் வந்தால், சாயங்காலம் அஸர் தொழுததும் மனைவியிடம் கடற்கரைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நேரே என் மாடிக்கு வந்துவிடுவான். இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பாங்கு சொல்லும்வரை கேட்போம். அவன் மாமியார் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இரண்டே தெருதான்.

பெட்டி வந்த சில நாளில் அவன் மாமியார், எனக்கும் மாமிதான், என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். போனேன். நண்பனின் மனைவி இத்தாவில் இருந்தாள். புருஷனை இழந்த பெண் சில மாதம் வீட்டை விட்டு வெளியே வராமல், அந்நிய ஆண் முன்னால் வராமல் இருக்கிற காலம் அது. நடு அறை வாசலில் திரை தொங்கியது. அவள் முகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை. என்னை அண்ணன் முறை வைத்து 'காக்கா' என்றுதான் கூப்பிடுவாள்.

"காக்கா, அவுக பெட்டியில நான் பேசி அனுப்புன கேசட்டுகளோட இதுவும் இருந்துச்சு. வெள்ளக்காரவுக படம் போட்டிருக்கு. போட்டுப் பாக்கவும் பயமா இருக்கு. என்னன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

மாமி என் கையில் கொடுத்தார்கள். அதே ஆல்பம்! அங்கே போய் இன்னொன்று வாங்கியிருக்கிறான். அட்டையில் எழுத்தே தெரியவில்லை, அவ்வளவு தேய்ந்திருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை, பாவி.

"அவனுக்கு உசுரு இந்தப் பாட்டு" என்றேன்.

"எனக்கு ஒரு தடவ போட்டுக் காட்டுங்க காக்கா."

மவுத்தான வீட்டில் பாட்டா? அதுவும் இங்கிலீஷ் பாட்டு, போடுவது அந்நிய ஆண். வெளியே தெரிந்தால் என்னை நாலு நாள் திட்டுவார்கள், அவளை ஆயுசுக்கும் பேசுவார்கள். நான் மாமியைப் பார்த்தேன். அவர்கள் எழுந்து ஜன்னல்களைச் சாத்தினார்கள்.

"கல்யாணமாகி இத்தன வருசத்துல சேந்து இருந்தது நாலஞ்சு மாசம் வருமா? புருசன் என்ன பாட்டு கேட்டாருன்னாவது தெரிஞ்சுக்கிறட்டும். போடு வாப்பா."

டேப் ரிக்கார்டரைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். எடுத்து, சத்தத்தை மிகக் குறைத்துப் போட்டேன். பாதியில் யாரோ கதவைத் தட்டினார்கள். சட்டென்று நிறுத்தினேன். மாமி வாசலுக்குப் போய், "ரேடியோ ரிப்பேரு பாக்குறாக, பொறவு வா" என்று பக்கத்து வீட்டுக்காரியை அனுப்பிவிட்டு வந்தார்கள். அவர்கள் உட்கார்ந்ததும் மறுபடி போட்டேன்.

ஒவ்வொரு பாட்டாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். இந்த இடத்தில் டின்னைத் தட்டுவான், இங்கே கண்ணை மூடிக்கொள்வான், இதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்வான் என்று. ஒரு பாட்டில் திரைக்குப் பின்னால் மூச்சு இழுபடும் சத்தம் கேட்டது.

"இதத்தான் போன்ல மொனங்குவாக. என்ன பாட்டுன்னு கேட்டா ஒன்னுமில்லம்பாக. நீங்க ரெண்டு பேரும் எங்கன வச்சுக் கேப்பீக?"

நான் யோசிக்காமல் உளறிவிட்டேன். "எங்க வீட்டு மாடியிலதான். லீவுல வந்தா தெனமும் அஸர்லேர்ந்து இஷா வரைக்கும் அங்கனதான் கெடப்பான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

"கடற்கரைக்குன்னுல்ல சொல்லிட்டுப் போவாக" என்றாள். பிறகு, "இங்கன போட்டிருந்தா நானும் கேட்டிருப்பேனே, காக்கா."

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மாமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. நண்பன் செத்த செய்தி வந்தபோதுகூட அப்படி அழவில்லை. அவன் மேல் ஆத்திரமாகவும் வந்தது. இந்தப் பெண்ணிடம் கூச்சப்பட என்னடா இருந்தது உனக்கு?

ஒரு பக்கம் முடிந்து டேப் 'டக்'கென்று நின்றது. நான் எழுந்தேன்.

"மறுபக்கத்தையும் போட்டுட்டுப் போங்க" என்றாள்.

போட்டேன். முடிந்ததும் கேசட்டை எடுத்து மாமி கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த ஆல்பத்தை நான் இன்றும் கேட்கிறேன், அதன் மேல் உள்ள பிரியம் துளிகூடக் குறையவில்லை. ஆனால் அவனோடு மாடியில் உட்கார்ந்து கேட்ட லீவு நாள் சாயங்காலங்கள் அத்தனையும், இரண்டு தெரு தள்ளிக் காத்திருந்த ஒருத்திக்குச் சேர வேண்டியவை என்று தெரிந்த பிறகு, ஒரு பாட்டைக்கூட முழுச் சந்தோஷத்தோடு என்னால் கேட்க முடிந்ததில்லை.