யூலா பாடிய வசைப்பாட்டு

எனக்குப் பாட்டு வராது. வாய் மட்டும்தான் வரும். பாட்டுக்கு எங்களுக்கு யூலா இருக்கிறாள்.

யூலா பாப்டிஸ்ட் என்று முழுப் பெயர். டிரினிடாட் தீவின் தெற்கே பாரக்போரில் எங்களுக்கு அடுத்த வீடு. ஆப்பிரிக்க வம்சம். ஞாயிறு தவறாமல் தேவாலயம் போவாள். சனிக்கிழமை காலையில் சந்திமுனையில் பன்றி ரத்தமும் மசாலாவும் அடைத்த குடலைச் சுடச்சுட விற்பாள். எட்டு மணிக்குள் சட்டி காலி. அவள் அம்மாவும் எங்கள் அம்மாவும் ஒரே தோட்டத்தில் கரும்பு வெட்டியவர்கள். பள்ளி விட்டு வந்தால் யூலா, என் அக்கா துலாரி, நான் மூன்று பேரும் ஒரே தட்டில்தான் ரொட்டியைப் பிய்ப்போம்.

எங்கள் அம்மா கல்யாண வீடுகளில், முன்னோர் வட இந்தியாவிலிருந்து கொண்டுவந்த போஜ்புரி மொழியில் பாடுவாள். துலாரிக்கும் எனக்கும் அது வெறும் சத்தம். யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று கூச்சப்பட்டு ரேடியோ பக்கம் போய்விடுவோம். யூலாதான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "இதுக்கு என்ன அர்த்தம் சித்தி?" என்று கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள். அம்மா போனபின் பாட்டெல்லாம் எங்கே தங்கியது? பெற்ற மகள்கள் இரண்டு பேரிடமும் இல்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

போன மே மாதம் துலாரியின் மகள் ஷர்தாவுக்குக் கல்யாணம். யூலா மூன்று வாரம் வியாபாரத்தை நிறுத்திவிட்டாள். இறைச்சியை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. பெண்ணைப் பெற்ற துலாரியே இரண்டு வாரம்தான் விரதம்.

"பண்டிதருக்கே பண்டிதரா இருக்கியேடி," என்று சீண்டினேன்.

"பொண்ணு நல்லா இருக்கணும்ல. நீ மொதல்ல அந்தக் கோழிக்கால ஒளிச்சு வை," என்றாள்.

ஞாயிறு காலை பதினோரு மணிக்கு மாப்பிள்ளை ஊர்வலம் தாசா மேளத்தோடு வாசலுக்கு வந்தது. பெண் வீட்டார் அவர்களைப் பெயர் சொல்லித் திட்டிப் பாட வேண்டும். அவர்கள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்ள வேண்டும். அதுதான் மரியாதை. யூலா மஞ்சள் சேலையில் முன்னால் போய் நின்று, எடுத்த எடுப்பிலேயே மாப்பிள்ளையின் அத்தை பூல்மதியைப் பிடித்தாள். பூல்மதி எங்கள் வீட்டுப் பூசணிக்காயைத் திருடிச் சேலைக்குள் வைத்திருக்கிறாளாம். அதனால்தான் அந்த இடுப்பாம். கூட்டம் குலுங்கியது.

பூல்மதி கையைத் தூக்கினாள். மேளம் நின்றது.

"சொந்தக்காரி திட்டினா அது பாட்டு. வெளியாள் திட்டினா அது அவமானம். இவ யாரு?"

"என் அக்கா," என்றாள் துலாரி.

"அக்காவா? முகத்தப் பாத்தா தெரியலையே."

மாப்பிள்ளை வீட்டார் முகம் சுண்டினால் நாளைக்கு அந்த வீட்டில் வாழப் போவது ஷர்தா. யூலாவுக்கும் அது தெரியும்.

"விடு துலாரி. நான் சமையல் பக்கம் போறேன். உங்க ஆளு யாராச்சும் பாடட்டும்."

'உங்க ஆளு' என்று அவள் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

துலாரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்க ஆளுல யாரு பாடுவா? இவளா?" என்று என்னைக் காட்டினாள். நான் என் செருப்பைப் பார்த்தேன். "எங்கம்மா பாட்ட நாங்க தொலைச்சிட்டோம் சம்பந்தியம்மா. இவதான் வச்சிருக்கா. இவ உள்ள போனா வாசல்ல பாட்டே கிடையாது."

பூல்மதி யூலாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பூசணிக்கா அடிக்கு அப்புறம் பாட்டுல இன்னொரு அடி வருமே. எங்கம்மா பாடுவா. எனக்கு மறந்துபோச்சு."

"அது இன்னும் மோசமா இருக்குமே," என்றாள் யூலா.

"பாடு."

யூலா பாடினாள். அதை இங்கே எழுத முடியாது. பண்டிதர் மேற்கே திரும்பி மேகத்தை ஆராய்ந்தார். பூல்மதி உதட்டைக் கடித்துக்கொண்டு முழுசாகக் கேட்டாள். பிறகு இடுப்பில் கை வைத்து, அதே மெட்டில், உடைந்த குரலில் திருப்பிக் கொடுத்தாள்:

"பொண்ணுக்குப் பெரியம்மா யூலாவாம், பனமரமா வளந்தாளாம், புத்தி தலைக்கு ஏறிப் போக ஏணிதான் எட்டலையாம்!"

மேளக்காரர்கள் மறுபடியும் வெளுத்து வாங்கினார்கள். யூலா துலாரியின் தோளில் சாய்ந்து சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நானும் அழுதேன், சொன்னால் என்ன.

பந்தியில் பூசணிக்காய்க் கறி பரிமாறியது யூலாதான். ஒவ்வொரு இலைக்கும் குனிந்து, கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு, "கேட்டீங்களா? அந்தம்மா என்னப் பெரியம்மான்னு திட்டிட்டாங்க," என்று சொல்லிவிட்டுத்தான் கறியை வைத்தாள்.