மனைவியும் உடனிருந்தார்

கல்வி மாவட்ட அலுவலகத்தில் அவளைச் செய்தியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களில் ஒரு பிள்ளை ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தாலும், கழிப்பறைக்குப் புதுக் கதவு போட்டாலும், அதை நாலு வரியில் எழுதிப் படத்தோடு வெளியிடுவது அவள் வேலை. வருஷக் கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து ஆண்டு நிறைவு மலர் என்று ஒன்று வரும். வழுவழுப்பான தாள், அட்டையில் கல்வி அதிகாரியின் சிரிப்பு. கடைசி வேலைநாளன்று அது எல்லாப் பள்ளிகளின் மேசைமேலும் இருந்தாக வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், விழாக்கள் நடப்பதும் அந்தக் கடைசி வாரத்தில்தான். ஆண்டு விழா, பரிசளிப்பு, ஓய்வு பெறுகிறவர்களுக்குப் பாராட்டு என்று எல்லாப் பள்ளிகளிலும் ஒரே சமயத்தில் ஒலிபெருக்கி அலறும். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடினாலும் ஒருத்தியால் எத்தனை இடத்தில் இருக்க முடியும்? எல்லாம் முடியட்டும் என்று காத்திருந்தால் மலர் விடுமுறையில்தான் வரும் என்று அச்சகக்காரர் கையை விரித்துவிட்டார். அதனால் செய்தியம்மா ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். அழைப்பிதழை முன்னாலேயே வாங்கி, நடக்கப்போவதை நடந்து முடிந்ததாகவே எழுதிவிடுவாள். விழா குறித்த நேரத்தில் இனிதே தொடங்கியது என்பாள். அவளுக்குத் தெரிந்து எந்த விழாவும் குறித்த நேரத்தில் தொடங்கியது கிடையாது. ஓய்வு பெறுகிறவர் கணக்கு வாத்தியாரோ காவலாளியோ, "இந்தப் பள்ளியே என் குடும்பம்" என்று கண்கலங்கப் பேசியிருப்பார். ஆணாக இருந்தால் மனைவியும், பெண்ணாக இருந்தால் கணவரும் உடனிருந்திருப்பார். கணவரை இழந்த ஒரு தலைமையாசிரியை விஷயத்தில் ஒருமுறை இது விபரீதமாகி, வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். அதற்கப்புறம் விசாரித்து எழுதினாளே தவிர, வழக்கத்தை விடவில்லை.

கடைசித் தாள் மட்டும் அச்சேறாமல் காத்திருக்கும். அது அந்த வருஷத்தின் பெரிய விழாவுக்கு. அதற்கு மட்டும் செய்தியம்மா தன் கேமராவோடு நேரில் போவாள். அந்தப் படத்தை வேறு யாரும் எடுக்க விடமாட்டாள்.

அவள் வீட்டுக்காரர் அதே மாவட்டத்தில், ஊரின் மறுகோடியில் இருக்கும் பள்ளியில் ஆய்வக உதவியாளர். பையன்களும் பெண்களும் கண்ணாடிக் குழாய்களை உடைத்துவிட்டு முழிக்கும்போது, ஒன்றும் பேசாமல் துடைப்பத்தை எடுத்து வருகிற ஆள். விரல் நுனிகளில் எந்த சோப்புக்கும் போகாத மருந்துக்கறை. பள்ளி விழாக்களில் மேடைத் திரையை இழுப்பதும் அவர்தான். முப்பது வருஷத்துக்கு மேலாக எல்லா நாடகத்தையும் பக்கவாட்டிலிருந்தே பார்த்தவர். திரைக்கு முன்னால் ஒருநாள் கூட நின்றதில்லை. அந்த வருஷம் அவருக்கு ஓய்வு. மைக் முன்னால் நின்று நாலு வார்த்தை பேசியே ஆக வேண்டும்.

அவருடைய செய்தியையும் செய்தியம்மாவே எழுதினாள். வேறு யார் எழுதுவது? சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதி முடித்து, சேர்ந்த வருஷம் சரியா என்று பார்க்கச் சொல்லி அவரிடமே கொடுத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"நான் இன்னும் பேசவே இல்லையே" என்றார்.

"எல்லாரும் இதைத்தாங்க பேசறாங்க" என்றாள் அவள். தலைக்கு மேல் வேலை கிடந்தது. அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதை அவள் கவனிக்கவில்லை.

அந்த வாரம் முழுக்கக் குளியலறையில் தண்ணீர்ச் சத்தத்தோடு அவர் குரலும் கேட்டது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிற மனுஷன் உள்ளே தனியாகப் பேசிப் பார்க்கிறார் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. கதவருகே போய் ஒட்டுக்கேட்கலாமா என்று ஒருநாள் நினைத்தாள். நேரில்தானே கேட்கப்போகிறோம் என்று விட்டுவிட்டாள். அவர் வெளியே வந்து தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்: "வருவ இல்ல?" வராமல் எங்கே போகப் போகிறேன் என்றாள். மறுநாளும் அதையே கேட்டார். அவளுக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.

அவருடைய பாராட்டு விழாவும் மாவட்டத்தின் பெரிய விழாவும் ஒரே நாளில் வந்தன. நகரின் பெரிய பள்ளியில் புதுக் கலையரங்கத் திறப்பு காலையில், அவருடையது மாலையில். கணக்குப் போட்டுப் பார்த்தால் இடையில் வேண்டிய நேரம் இருந்தது. ஆனால் தலைமையகத்திலிருந்து வர வேண்டிய பெரிய அதிகாரி, பெரிய அதிகாரிகளின் வழக்கப்படி, வரவில்லை. பிள்ளைகள் வரவேற்பு நடனத்துக்கு வேஷம் கட்டிக்கொண்டு வெயிலில் வாடினார்கள். மதியச் சாப்பாட்டு நேரமும் போயிற்று. செய்தியம்மா வாசலையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்ப்பதைக் கல்வி அதிகாரியே கவனித்துவிட்டார். அவர் நல்ல மனுஷர்.

"நீங்க கிளம்புங்கம்மா. இன்னைக்கு உங்க வீட்டு விசேஷம். படத்தை இவரு எடுத்துக்குவாரு" என்று அலுவலகத்தில் அவளுடைய பக்கத்து மேசைக்காரரைக் காட்டினார்.

அந்த இடத்தில் அவள் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பாததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. பின்னால் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தும் அவளுக்கு ஆள் கிடைக்கவில்லை. போன முறை பக்கத்து மேசைக்காரர் எடுத்த படத்தில் எல்லாருக்கும் தலை பாதியாக வெட்டுப்பட்டிருந்தது. கடைசித் தாளில் அரைத்தலை அதிகாரிகளைப் போட அவளுக்கு மனசு வரவில்லை. தான் இல்லாவிட்டால் மலரே வராது என்ற நினைப்பு வேறு. இதோ வந்துவிடுவார், ஒரே ஒரு படம், எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்று நின்றாள்.

பெரிய அதிகாரி வந்து, நாடாவை வெட்டி, நாட்டின் எதிர்காலத்தைப் பற்றி விரிவாகப் பேசினார். படம் நன்றாகவே வந்தது. எல்லாருக்கும் முழுத் தலை.

படத்தை அங்கிருந்தே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு, அவள் ஆட்டோ பிடித்து ஊரின் மறுகோடிக்குப் போய்ச் சேர்ந்தபோது, அங்கே நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அடுக்கியவர்களில் அவரும் ஒருவர். புதுச் சட்டை, இஸ்திரி மடிப்பு இன்னும் கலையவில்லை. அவளைப் பார்த்ததும், "வந்துட்டியா" என்றார், அவள் ஏதோ நேரத்துக்கு வந்துவிட்டதைப் போல. அவள் வாய்க்கு வந்த சமாதானத்தையெல்லாம் சொன்னாள். அவர் தலையாட்டிக்கொண்டே திரைக்கயிற்றை அவிழ்த்துச் சுற்றி வைத்தார்.

அறிவியல் டீச்சர்தான் அவளைத் தனியே கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். முன்வரிசையில் செய்தியம்மாவுக்கு ஒரு நாற்காலி போட்டு, யாரையும் அதில் உட்கார விடாமல் பார்த்துக்கொண்டார்களாம். மைக் முன்னால் வந்த மனுஷர் ரொம்ப நேரம் பேசவே இல்லையாம். வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாராம். அழுதுவிடுவாரோ என்று எல்லாரும் பயந்துபோன நேரத்தில், பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்துவிட்டு ரெண்டே வாக்கியம் பேசி முடித்துவிட்டாராம்.

"இந்தப் பள்ளிக்கூடந்தான் என் குடும்பம்னு சொன்னாரு மேடம்" என்று டீச்சர் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நாங்க கை தட்டினோம். ஆனா உங்க நாற்காலி காலியா இருக்கறப்ப அதைக் கேக்க ஒரு மாதிரியா இருந்துச்சு."

செய்தியம்மாவுக்குச் சுருக்கென்றது. தப்பு தன்மேல்தான், வாஸ்தவம். அதற்காக நாலு பேர் முன்னால் இப்படியா குத்திக்காட்டுவது? பேருந்தில் திரும்பினார்கள். பள்ளியில் கொடுத்த சுவர்க்கடிகாரம் அட்டைப்பெட்டியோடு அவர் மடியில் இருந்தது. வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போதே அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"பள்ளிக்கூடந்தான் குடும்பம்னா, அப்ப நான் யாரு?"

அவர் நிஜமாகவே திகைத்துப் போனார். "நீதானே எழுதியிருந்த" என்றார்.

அவளுக்கு ஒரு நிமிஷம் எதுவும் விளங்கவில்லை. அவர் சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினார். வியர்வையில் மடிப்பெல்லாம் நைந்திருந்தது.

"நான் வேற யோசிச்சு வச்சிருந்தேன். உன்னைக் காணோம். சரி, நீ எழுதினதையாவது பேசிடுவோம்னு பாத்தேன். நான் வேற எதையாவது பேசி வச்சா, உன் மலர்ல தப்பாப் போயிடும் இல்ல?"

எத்தனையோ பேர் வாயில் அவள் திணித்த வாக்கியம்தான். எழுதி எழுதி, அடுத்தவர் வாயிலிருந்து வந்தபோது அது தன்னுடையது என்று அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. அவமானத்தில் முகம் சுண்டிப்போய், அந்த ராத்திரியே அச்சகத்துக்குப் போன் போட்டாள். அவர் செய்தி இருந்த பக்கம் எப்போதோ அச்சாகி மடித்தும் ஆகிவிட்டது என்றார் அச்சகக்காரர். இந்த வருஷம் கடைசிப் படம் பிரமாதம் என்று பாராட்டவும் செய்தார்.

கடைசி வேலைநாளன்று மலர் எல்லாப் பள்ளிகளின் மேசைமேலும் இருந்தது. அவர் கண்கலங்கப் பேசினார் என்றும், மனைவியும் உடனிருந்தார் என்றும் அதில் இருந்தது. வேறொரு பள்ளியில் வாத்தியாராக இருந்த அவள் அண்ணன் அதைப் படித்துவிட்டுப் போன் செய்தார். மாப்பிள்ளை பேசும்போது பக்கத்திலேயே இருந்தாயாமே, கொடுத்து வைத்தவள் என்றார். ஆமாம் அண்ணா என்று சொல்லிவிட்டு, போனை வைத்ததும் அடுப்படிக்குப் போய் அழுதாள். அந்தப் பள்ளிக்காரர்களை விட்டால், மாவட்டமே நம்புகிற அந்த ஒரு வரியை நம்ப முடியாதவர்கள் அந்த வீட்டில் இருந்த இரண்டு பேர்தான்.

விடுமுறை வந்தது. அவர் வீட்டிலேயே இருந்தார். குழாய் ஒழுகலை அடைத்தார், கடிகாரத்தைக் கூடத்தில் மாட்டினார். வேறு என்னதான் யோசித்து வைத்திருந்தீர்கள் என்று அவள் அவ்வப்போது கேட்டுப் பார்த்தாள். ஆசிட் பாட்டிலை மூடி வைக்கச் சொல்ல நினைத்தேன் என்றார் ஒருநாள். மறந்துவிட்டது என்றார் இன்னொரு நாள். எந்த அலமாரியில் எந்தக் குப்பி இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவருக்கு மறதியாம். அவளும் விடவில்லை. ஒரு சாயங்காலம், காய்ந்த துணிகளைக் கூடத்தில் போட்டு இரண்டு பேரும் மடித்துக்கொண்டிருந்தபோது மறுபடியும் கேட்டாள். அன்றைக்கு அவர் விளையாட்டுப் பேச்சு பேசவில்லை.

"உன்னைப் பத்தித்தான்" என்றார். "உன்கிட்ட சொல்றதுக்கு அதுல ஒண்ணும் இல்ல. உனக்குத் தெரிஞ்சதுதான். நாலு பேர் முன்னாடி சொல்லணும், நீ உக்காந்து கேக்கணும்னு இருந்தேன். அவ்வளவுதான்."

"இப்ப சொல்லுங்க. நான் உக்காந்துதானே இருக்கேன்."

கையிலிருந்த அவளுடைய புடவையை அவர் மடித்து முடித்தார். அதன் ஓரங்களைச் சரிபார்த்து அவள் பக்கத்தில் வைத்தார்.

"நாலு பேருக்கு இனிமே நான் எங்க போவேன்?" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். சொல்லிவிட்டு, அடுத்த துணியை எடுத்து உதறினார்.