தகரத்துக்கு அப்பால் கடல்

கன்னியம்மாவுக்கு அந்தக் கூரையைக் கண்டாலே ஆகாது.

எண்ணூர்க் குப்பத்துக்கு அவள் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து தலைக்கு மேல் இருந்தது அதே சிமெண்ட் ஷீட்தான். உப்புக்காற்றில் அது வெடிக்க வெடிக்க, படகைப் பழுதுபார்த்து மிஞ்சிய ரெசின் பசையைப் பூசி அடைப்பான் அவள் புருஷன் தேசப்பன். குப்பத்தில் பாதி வீடுகளுக்கு அதுதான் வைத்தியம். வருஷா வருஷம் பூசிப் பூசிக் கூரை ஃபைபர் படகின் முதுகு மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. ஷீட்டை அடியில் ஓடும் குறுக்குக் குழாய்களோடு முடுக்கியிருந்த போல்ட்டுகள் ஒன்றுகூட வெளியே தெரியவில்லை.

போல்ட் வரிசையின் மேல்தான் கால் வைக்க வேண்டும் என்பது கூரை வேலைக்காரர்களுக்குத் தெரியும். தேசப்பனுக்குத் தெரிந்தது படகு. ரெசின் காய்ந்த இடத்தில் எங்கே மிதித்தாலும் படகு தாங்கும். போன வருஷம் மழைக்கு முன்னால், கையில் ரெசின் டப்பாவோடு, படகில் நடப்பது போலவே கூரையிலும் நடந்தான். பூச்சுக்கு அடியில் ஷீட் மக்கிப்போயிருந்தது. குழம்பைக் கிளறிக்கொண்டிருந்த கன்னியம்மாவின் முன்னால் வந்து விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவே இல்லை.

ஓட்டையின் மேல் தார்ப்பாய் போட்டுக் கட்டினார்கள். அதற்கு நேர் கீழேதான் அவன் கட்டில். படுத்த முதல் மாதம் அவன் யாரோடும் பேசவில்லை. பிறகு ஒரு நாள் விடியலில், படகுக்குப் போகிற வழியில், அவன் அக்கா மகன் கஜபதி ஜன்னலோரம் நின்றான்.

"மாமா, கடலு இன்னா சொல்லுது?"

சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டான். தேசப்பன் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அலைச்சத்தத்தைக் கேட்டான்.

"மொகத்துவாரத்துல அல மடங்கி ஒடையுது. வெளிச்சம் வரட்டும், அப்பால போ."

அவசரப்பட்டுப் போன வேறொரு படகு அன்றைக்கு முகத்துவாரத்தில் தண்ணீர் ஏறித் திரும்பியது. மறுநாள் ஜன்னலில் நாலைந்து பேர் நின்றார்கள். எல்லோர் கையிலும் போன் இருந்தது. போன் காற்றைச் சொல்லும். ஆற்று வாயில் அலை எந்த இடத்தில் உடைகிறது என்று சொல்லாது. அதைத் தேசப்பன் சொன்னான். கடல் சாந்தமாக இருந்தால் அவர்களை விரட்டுவான்.

"போங்கடா போங்க. பொண்டாட்டி மூஞ்ச பாத்துகினு எத்தினி நேரம் குந்தியிருப்பீங்க?"

விடியலில் அவன் குரல் பழைய குரலாக இருக்கும். அவர்கள் போன பிறகு கஞ்சி கேட்டு வாங்கிக் குடிப்பான். கன்னியம்மா மீன் கூடையோடு கிளம்பும்போது, "வவ்வாலு மீனு வந்தா விட்ராத" என்பான். அவனைப் பிடித்து வைத்திருந்தது அந்த ஜன்னல்தான்.

ஆனால் அவன் படுத்திருந்ததற்கு நேர் மேலே அந்தத் தார்ப்பாய் உப்பி உப்பி அடங்கும். மீதி ஷீட்டும் என்றைக்கு அவன் மேலேயே இறங்குமோ என்று கன்னியம்மாவுக்குத் தூக்கமில்லை. ஐப்பசி பிறப்பதற்குள் மாற்றிவிடுவது என்று முடிவு செய்தாள்.

"சொம்மா கெடக்கட்டும்டி. ஒழுவுற எடத்துல மட்டும் ரெசின் பூசச் சொல்லு" என்றான் தேசப்பன்.

"அந்தப் பேச்ச எடுத்த, நானே ஏறி உயுந்துருவேன்."

திருவொற்றியூரில் செல்லக்கனியின் ஷீட் கடைக்குப் போனாள். செல்லக்கனி தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. கல்லாவில் உட்கார்ந்தபடியே ஒப்பித்தாள்.

"கேஜ் என்ன வேணும்க்கா? வெறும் ஜி.ஐ.யா, கலர் ஷீட்டா? உச்சிக்கு ரிட்ஜ் தனி. அடியில பர்லின் தனி. வாஷர் வச்ச ஸ்க்ரூ தனி. உள்ள பஃப் வச்சதும் இருக்கு."

"யம்மா, நான் காரப்பொடி, கெளங்கான், சங்கரான்னு சொல்லிகினே போனா நீ முழிப்பியா மாட்டியா? எனக்கு அப்டித்தான் கீது."

"நாங்களும் கடக்கரைதான்க்கா, மீனெல்லாம் எங்களுக்கும் தெரியும்" என்று சிரித்தாள் செல்லக்கனி.

"சரி, பஃப்னா இன்னா?"

"ரெண்டு தகரத்துக்கு நடுவுல நுரை மாதிரி வச்சிருப்பாவ. சூடு இறங்காது. ஏசி ரூமுக்கெல்லாம் அதுதான் போடுதாவ."

"ஏசியா? எங்க வூட்டு ஃபேனே காத்து வாங்க வெளிய போவுது. எனக்கு ஒடையாதது குடு. ஆளு நின்னாலும் ஒடையக் கூடாது."

நுரை இல்லாத ஒற்றைத் தகரத்தையே எடுத்தாள். செல்லக்கனி சூட்டைப் பற்றித்தான் சொன்னாள். சத்தத்தைப் பற்றிக் கன்னியம்மா கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால்தானே.

பொன்ராஜ் என்ற ஃபிட்டர் ஆட்களோடு வந்தான். வேலை முடியும்வரை தேசப்பனைக் கட்டிலோடு தூக்கி எதிர்வீட்டில் வைத்தார்கள். தெருவைக் கடக்கும்போது அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். திரும்பக் கொண்டுவந்து போட்டபோது மேலே நீல நிறத்தில் புதுத் தகரம், ஒரு பொட்டு வெளிச்சம் ஒழுகாமல்.

"இதுல நடக்கலாமா நைனா?" என்று கேட்டான் தேசப்பன்.

"ஸ்க்ரூ வரிசையப் பாத்து நடக்கணும்ண்ணே" என்றான் பொன்ராஜ்.

"ஆமா, யாரு நடக்கப் போறது இங்க."

கன்னியம்மா அன்றிரவு நன்றாகத் தூங்கினாள்.

நாலு நாள் கழித்து விடிவதற்கு முன்னால் மழை பிடித்தது. தலைக்கு மேல் லாரி லாரியாக ஜல்லி கொட்டுவது போலிருந்தது. பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்கவில்லை. ஒழுகுகிறதா என்று நாலு மூலையும் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. சந்தோஷமாகத் திரும்பியபோது ஜன்னலில் நாலைந்து பேரோடு நின்று கஜபதி கத்திக்கொண்டிருந்தான்.

"மாமா! இன்னா சொல்லுது?"

தேசப்பன் கண்ணை மூடினான். வழக்கத்தைவிட நெடுநேரம் மூடியிருந்தான். கட்டில் சட்டத்தை அவன் விரல்கள் இறுக்கிப் பிடிப்பதைக் கன்னியம்மா பார்த்தாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"போலாம்" என்றான்.

அவள் வாயைத் திறந்தாள். அத்தனை பேருக்கு முன்னால் என்ன சொல்வது? மூடிக்கொண்டாள்.

முகத்துவாரத்தில் கஜபதியின் படகு கவிழ்ந்தது. எல்லோரும் நீந்திக் கரையேறினார்கள். வலை போயிற்று. கஜபதிக்குக் கை முறிந்தது. சாயங்காலம் மழை விட்ட பிறகு மாவுக்கட்டோடு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"காத்து திடீர்னு மாறிப்போச்சு மாமா. நீ இன்னா பண்ணுவ?"

"காத்து மாறலடா. எனக்கு கேக்கல." தேசப்பன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். "இனிமே என்னாண்ட வராதீங்க."

அவர்கள் வராமல் போனது கோபத்தால் இல்லை. ஜன்னலைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போனார்கள், அவன் தூங்கட்டும் என்று. அவன் தூங்கவில்லை. மழையில்லாத நாளிலும் காற்றுக்குத் தகரம் முனகிக்கொண்டே இருந்தது. கஞ்சி கேட்பதை நிறுத்திவிட்டான். வவ்வாலைப் பற்றியும் பேசவில்லை.

"தகரத்தப் பிரிச்சுப் போட்றட்டா?" என்று ஒரு நாள் கேட்டாள் கன்னியம்மா.

"நனைஞ்சிகினு கெடக்கவா?" என்றான். அதட்டாமல்தான் சொன்னான். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

அடுத்த மழை நாளில் இருட்டோடு எழுந்து, சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரைக்கு ஓடினாள். நின்று கேட்டாள். ஈரம் சொட்ட ஓடிவந்து அவன் காதருகே குனிந்தாள்.

"தொம்மு தொம்முனு அடிக்குது."

"எங்க?"

"கடல்லதான்."

பல நாளைக்குப் பிறகு அவன் உதடு கொஞ்சம் விரிந்தது. "கடல்லதான்... சரி, எத்தினி அலைக்கு ஒரு பெரிய அலை வருது?"

அலையை அவள் எண்ணியிருக்கவில்லை.

"இரு, பாத்துகினு வரேன்" என்று சாக்கை இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி ஓடினாள். கரையில் கால் புதைய நின்று, வாய்விட்டு எண்ணினாள். எண்ணிக்கை தப்ப, முதலிலிருந்து எண்ணினாள். அவள் எண்ணி முடித்தபோது படகுகள் எல்லாம் போய்விட்டிருந்தன.